கிரேக்கத்து வெள்ளரி, தக்காளிச் சாலட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுப்பு பற்ற வைக்காமல், கால் மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய இந்தச் சாலட்டைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் ஒரே வகையான ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருவதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய உணவுக்கு இத்தனை கேள்விகளா என்று தோன்றலாம். இதில் சேரும் பொருள்கள் மிகவும் குறைவு, வேகவைப்பதும் வதக்குவதும் இல்லை. ஆகையால் ஒரு பொருள் சரியில்லாமல் போனாலும் அந்தக் குறையை மறைக்க வேறு எதுவும் தட்டில் இருப்பதில்லை.

மத்தியதரைக் கடல் சாலட் என்கிறார்களே, அது உண்மையில் எந்த நாட்டுச் சாலட்?

அந்தக் கடலைச் சுற்றியுள்ள பல நாடுகளில் வெள்ளரிக்காயும் தக்காளியும் சேர்ந்த சாலட் அன்றாட உணவாக இருக்கிறது. துருக்கியில் இரண்டையும் சிறு துண்டுகளாக நறுக்கி, பச்சை மிளகாய், வெங்காயம், பார்ஸ்லி இலை ஆகியவற்றுடன் எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பார்கள். அதற்குச் சோபான் சலாத்தா என்று பெயர். பாலஸ்தீனத்திலும் இஸ்ரேலிலும் துண்டுகள் இன்னும் பொடியாக இருக்கும். லெபனானிலும் சிரியாவிலும் ரொட்டியை மொறுமொறுப்பாக வறுத்துப் போட்டு, சுமாக் என்ற புளிப்புத் தூளைத் தூவி, ஃபத்தூஷ் செய்கிறார்கள்.

இந்தப் பக்கம் கிரேக்கத்தின் ஹோரியாத்திகி சாலட்டைப் பற்றியது. பெரிய துண்டுகள், தடித்த ஃபெட்டா சீஸ், காய்ந்த ஓரிகானோ, தாராளமான ஆலிவ் எண்ணெய் ஆகியவை அதன் அடையாளங்கள். கோடைக்காலத்தில் கிரேக்கத்தின் உணவகங்களிலும் வீடுகளிலும் மேசைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இதுவே.

நான்கு பேருக்கு என்னென்ன பொருள், எவ்வளவு வேண்டும்?

நன்கு பழுத்த தக்காளி அரைக் கிலோ, பிஞ்சு வெள்ளரிக்காய் 300 கிராம், சிறிய சிவப்புப் பெரிய வெங்காயம் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் பாதி, கறுப்பு ஆலிவ் காய்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை, ஃபெட்டா சீஸ் 150 முதல் 200 கிராம், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, காய்ந்த ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. விரும்பினால் சிவப்பு வைன் வினிகர் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம்.

ஃபெட்டாவும் ஆலிவும் உப்புநீரில் ஊறியவை என்பதால், இந்த உப்பின் அளவு நாம் வழக்கமாகப் போடுவதைவிடக் குறைவாகத் தெரியும். முதலில் கூட்ட வேண்டாம். எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு துண்டு தக்காளியைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக அரிந்து குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். பிறகு தக்காளியைக் காம்புக் கண் நீக்கி, ஒவ்வொன்றையும் ஆறு அல்லது எட்டுக் கீற்றுகளாக, பரந்த தட்டின் மேலேயே பிடித்து வெட்டுங்கள். வழியும் சாறு வெட்டுப் பலகையில் வீணாகாமல் தட்டிலேயே சேர வேண்டும் என்பதற்காக இப்படிச் சொல்கிறேன். சொன்ன உப்பில் பாதியைத் தக்காளியின் மேல் தூவி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் வெள்ளரிக்காயை அரை அங்குலத் தடிப்புள்ள வில்லைகளாகவும், குடைமிளகாயை வளையங்களாகவும் அரிந்துகொள்ளலாம். இவற்றையும் நீர் வடித்த வெங்காயத்தையும் ஆலிவையும் தக்காளியுடன் சேர்த்து, மீதி உப்பைத் தூவி, எண்ணெயில் முக்கால் பங்கை ஊற்றிக் கையால் ஒருமுறை மெதுவாகப் புரட்டுங்கள். ஃபெட்டாவை உதிர்க்காமல் ஒரே பலகையாக மேலே வைத்து, ஓரிகானோவை உள்ளங்கைகளுக்கு இடையே கசக்கித் தூவி, மீதி எண்ணெயை அதன் மேல் ஊற்றினால் சாலட் தயார். சாப்பிடுபவர்கள் தங்களுக்கு வேண்டிய அளவு சீஸை முள்கரண்டியால் உடைத்துக்கொள்வார்கள்.

நாட்டுத் தக்காளி நல்லதா, பெங்களூர்த் தக்காளி நல்லதா?

பெங்களூர்த் தக்காளி என்று சந்தையில் விற்கும் கெட்டியான ரகம் வெட்டுவதற்கு அழகாக வரும். ஆனால் முழுதாகப் பழுக்கும் முன்பே பறிக்கப்பட்டு வந்திருந்தால் அதில் சாறும் மணமும் குறைவாக இருக்கும். நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் நிறைய உண்டு, தோல் மெலிது. இந்தச் சாலட்டுக்கு நான் நாட்டுத் தக்காளியையே தேர்ந்தெடுப்பேன். அதன் புளிப்பு இருக்கும்போது வினிகரே தேவைப்படுவதில்லை. நன்கு பழுத்த பெங்களூர்த் தக்காளி கிடைத்தால் இரண்டையும் பாதிப் பாதியாகக் கலப்பதும் நல்ல வழி.

எந்த ரகமாக இருந்தாலும், கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும், காம்புப் பக்கத்தை முகர்ந்தால் தக்காளி மணம் வர வேண்டும். ஓரளவு செங்காயாக இருப்பவற்றை இரண்டு மூன்று நாள் சமையலறை மேடையில் வைத்துப் பழுக்க விடுங்கள்.

வாங்கிய தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

இந்தச் சாலட்டுக்காக வாங்கியதை வைக்காமலிருப்பதே நல்லது. ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தக்காளியின் மணப்பொருள்கள் உருவாவது குறைந்துவிடுகிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்த பழங்களில் மணத்துக்குப் பொறுப்பான மரபணுக்களின் செயல்பாடு தணிந்துவிடுவதையும், வெளியே எடுத்து வைத்தாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகாததையும் காட்டியது. இனிப்பும் புளிப்பும் பெரிதாக மாறுவதில்லை, மணம்தான் போகிறது. குழம்பில் அது தெரியாமல் போகலாம், பச்சையாகச் சாப்பிடும்போது நன்றாகத் தெரியும்.

முழுதாகப் பழுத்து, மறுநாள் அழுகிவிடும் என்ற நிலையில் இருப்பவற்றை ஓரிரு நாள் உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும். அப்படி வைத்ததைச் செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

வெள்ளரிக்காயின் தோலைச் சீவ வேண்டுமா? விதையை எடுக்க வேண்டுமா?

தோல் மெலிதான பிஞ்சாக இருந்தால் இரண்டும் வேண்டாம். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் பெய்த் அல்ஃபா என்ற குட்டை ரகம் பரவலாகப் பயிராகிறது. அதன் தோல் மெலிது, விதை அநேகமாகத் தெரியாது. நம் ஊரில் வெள்ளரிப்பிஞ்சு அதற்கு நெருக்கமாக வரும். தடித்த தோலுள்ள முற்றிய காய் மட்டுமே கிடைக்கிறது என்றால், தோலைப் பட்டை பட்டையாக இடைவெளி விட்டுச் சீவி, நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். கிரேக்கர்களும் பெரிய காயைச் சீவித்தான் போடுகிறார்கள்.

காம்புப் பக்கத்தை வெட்டித் தேய்த்தால் கசப்பு போய்விடும் என்று அம்மா சொல்வார்கள். அது உண்மையா?

கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற பொருள். அது காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் அதிகம் சேர்ந்திருக்கும். கொடி வெயிலிலும் நீர்ப் பற்றாக்குறையிலும் வாடும்போது அதன் அளவு கூடுகிறது. காம்பு முனையை வெட்டும்போதே கசப்பு மிகுந்த பகுதி நீங்கிவிடுகிறது. தேய்க்கும்போது வெளிவரும் வெண்ணுரையைக் கழுவிவிடலாம், ஆனால் காயின் உள்ளே இருக்கும் கசப்பை அது இழுத்து எடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அம்மா சொன்னதில் வெட்டுவது உறுதியாகப் பலன் தரும் பகுதி.

காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டிவிட்டு, அடுத்த வில்லையைக் கடித்துப் பாருங்கள். அப்போதும் கடுங்கசப்பு இருந்தால் அந்தக் காயை முழுதாக ஒதுக்கிவிடுவது நல்லது. மிகுந்த கசப்புள்ள காய் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

நான் செய்தால் தட்டின் அடியில் குளம் மாதிரி தண்ணீர் நின்றுவிடுகிறது. அதை எப்படித் தவிர்ப்பது?

இதுவே அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. இதற்கான விடைதான் இந்தச் சாலட்டைப் புரிந்துகொள்ளும் வழியும் ஆகும். தட்டின் அடியில் சேரும் சாற்றைக் குறையாக எண்ணி வடித்துக் கொட்டிவிடுகிறவர்கள், சாலட்டின் சுவையில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறார்கள். ஹோரியாத்திகிக்குத் தனியாக அடித்துக் கலக்கும் டிரெஸ்ஸிங் கிடையாது. தக்காளி விடும் சாறு, அதில் கரைந்த உப்பு, மேலே ஊற்றிய எண்ணெய், ஃபெட்டாவிலிருந்து கசியும் உப்புநீர், ஓரிகானோவின் மணம் ஆகிய ஐந்தும் தட்டிலேயே கூடி அந்த வேலையைச் செய்கின்றன. தக்காளியின் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியில், சதைப்பற்றைவிடச் சுவையூட்டும் குளுட்டமேட் அதிகம் உள்ளது. அதனால்தான் தக்காளியின் விதையை ஒருபோதும் நீக்க வேண்டாம் என்கிறேன். கடைசியில் எஞ்சும் சாற்றில் ரொட்டித் துண்டைத் தோய்த்து உண்பதைக் கிரேக்கர்கள் பப்பாரா என்கிறார்கள். சாலட்டைவிட அதற்காகவே காத்திருப்பவர்களும் உண்டு.

ஆனால் சாறு வேறு, சுவையற்ற நீர் வேறு. வெள்ளரியிலும் தக்காளியிலும் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர்தான். உப்பு பட்டவுடன் அந்த நீர் வெளியே இழுக்கப்படுகிறது. தக்காளியிலிருந்து வருவது புளிப்பும் இனிப்பும் கலந்த சாறு, வெள்ளரியிலிருந்து வருவது பெரும்பாலும் வெறும் நீர். செய்முறையில் தக்காளிக்கு மட்டும் முன்கூட்டியே உப்பிட்டு, வெள்ளரியைக் கடைசியில் சேர்க்கச் சொன்னதன் காரணம் இதுதான். இத்துடன், கழுவிய காய்களைத் துணியால் துடைத்துவிட்டு வெட்டுவது, துண்டுகளைப் பெரிதாக வைப்பது, கலந்த அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால், அடியில் நிற்பது தோய்த்து உண்ணத் தகுந்த சாறாகவே இருக்கும்.

ஆலிவ் எண்ணெயில் பல வகை இருக்கின்றனவே, எதை வாங்குவது?

எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஆலிவ் காயை இயந்திரத்தால் அரைத்துப் பிரித்தெடுத்த, வேதிப்பொருள் எதுவும் சேர்க்காத எண்ணெய் அது. அதன் தனி அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தரவிதி. பொமேஸ் என்று விற்கப்படுவது, எண்ணெய் எடுத்த பின் எஞ்சிய சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்துச் சுத்திகரித்த எண்ணெய். விலை குறைவு, வறுக்கப் பயன்படும், ஆனால் அதில் ஆலிவின் மணம் இல்லாததால் இங்கே அதற்கு இடமில்லை. லைட் என்று எழுதியிருப்பதும் சுத்திகரித்த எண்ணெய்தான். அதில் லேசாக இருப்பது சுவையும் நிறமும் மட்டுமே, கொழுப்பு அதே அளவுதான்.

அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், அண்மை அறுவடையைச் சேர்ந்ததாகப் பார்த்துச் சிறிய அளவில் வாங்குங்கள். விழுங்கும்போது தொண்டையில் லேசாகக் காரம் தட்டினால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒலியோகேந்தால் என்ற பொருளால் வரும் காரம் அது, புதிய நல்ல எண்ணெயின் அறிகுறி.

அதற்குப் பதிலாக நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் அது வேறொரு சாலட்டாகிவிடும். செக்கு நல்லெண்ணெயின் மணம் மிகவும் அழுத்தமானது. அது தக்காளியையும் ஓரிகானோவையும் அமுக்கிவிடும். நல்லெண்ணெய்தான் விருப்பம் என்றால் ஃபெட்டாவையும் ஓரிகானோவையும் விட்டுவிட்டு, கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்த்து, நம்முடைய கோசுமல்லியின் வழியில் செய்யுங்கள். அது அதனளவில் மிக நல்ல உணவு. இரண்டையும் ஒரே தட்டில் கலக்கும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பதா, வினிகர் சேர்ப்பதா?

கிரேக்கத்திலேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. எண்ணெய் மட்டும் போதும் என்பவர்களும், சிறிது சிவப்பு வைன் வினிகர் கட்டாயம் என்பவர்களும் இருக்கிறார்கள். எலுமிச்சை முதல் விடையில் சொன்ன துருக்கி, அரபுச் சாலட்டுகளுக்கு உரியது. தக்காளி புளிப்பாக இருந்தால் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. இனிப்புத் தூக்கலான தக்காளிக்கு வினிகர் உதவும்.

பச்சை வெங்காயத்தின் காரம் வாயில் நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

வெங்காயத்தை வெட்டும்போது செல்கள் உடைந்து, கந்தகச் சேர்மங்கள் உருவாகின்றன. காரமும் நெடியும் அவற்றால் வருகின்றன. கூர்மையான கத்தியால் மெல்லியதாக அரிந்து, பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, நன்றாக வடித்துவிட்டால் பெரும்பகுதி நீங்கிவிடும். சின்ன வெங்காயம் காரம் மிகுந்தது என்பதால் இதற்கு அவ்வளவு பொருந்தாது.

ஃபெட்டா கிடைக்கவில்லை. பனீர் போடலாமா?

பனீரை அப்படியே போட்டால் சாலட் சப்பென்று இருக்கும். காரணம், ஃபெட்டாவின் வேலையே உப்பும் புளிப்பும் தருவதுதான். குறைந்தது 70 விழுக்காடு செம்மறியாட்டுப் பாலும், மீதி வெள்ளாட்டுப் பாலும் கொண்டு செய்து, குறைந்தது இரண்டு மாதம் முதிரவிடுவது உண்மையான ஃபெட்டா. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பெயர் கிரேக்கத்தின் தலைநிலப் பகுதியிலும் லெஸ்போஸ் தீவிலும் இம்முறைப்படி செய்யப்படும் சீஸுக்கு மட்டுமே உரியது. பசும்பாலில் செய்து ஃபெட்டா என்ற பெயரில் நம் கடைகளில் விற்கப்படுபவை சற்று வேறான சுவை கொண்டவை. ஆனாலும் பனீரைவிட அவை நெருக்கமானவை.

பனீர்தான் இருக்கிறது என்றால், ஒரு குவளை ஆறிய கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கலந்து, கெட்டியான பனீர்த் துண்டை அதில் மூழ்கவைத்து, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு ஊறவிடுங்கள். ஃபெட்டாவாகிவிடாது, ஆனால் சாலட்டுக்குத் தேவையான உப்பும் புளிப்பும் வந்துவிடும்.

நாங்கள் சைவம். ஃபெட்டா சாப்பிடலாமா?

உறையைப் படிக்காமல் முடிவு செய்யாதீர்கள். பாலைத் திரிய வைக்கும் ரென்னட் என்ற பொருள், மரபு முறையில் ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. நுண்ணுயிர்களிலிருந்து பெறும் ரென்னட்டால் செய்த சீஸும் கிடைக்கிறது. இந்தியாவில் உறையின் மேல் சைவத்துக்கான பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், பொருள் பட்டியலில் ரென்னட் எவ்வகையானது என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஐயம் தீராவிட்டால் முந்தைய விடையில் சொன்ன ஊறவைத்த பனீரே உங்களுக்கு உகந்தது. கிரேக்கத்திலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நோன்பு நாள்களில் பாலுணவை விலக்குவதால், சீஸ் இல்லாமலேயே சாலட் செய்துகொள்கிறார்கள்.

ஓரிகானோ இல்லை, தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறது. அதைப் போடலாமா?

இரண்டும் வெவ்வேறு பேரினத்துச் செடிகள். கார்வக்ரோல் என்ற மணப்பொருள் இரண்டிலும் இருப்பதால் முகரும்போது ஓர் உறவு தெரிவது உண்மைதான். ஆனால் கற்பூரவல்லி இலை தடிப்பானது, நெடி மிகுந்தது. நான்கு பேருக்கான அளவுக்கு ஒரு சிறிய இலையை மிகப் பொடியாக நறுக்கிப் போடலாம், அதற்கு மேல் போனால் கஷாய வாசனை வந்துவிடும். காய்ந்த ஓரிகானோ மளிகைக் கடைகளிலேயே சிறு புட்டிகளில் கிடைக்கிறது என்பதால், அதை வாங்கி வைப்பதே எளிது.

லெட்டூஸ், கொத்தமல்லி, காரட் எல்லாம் சேர்க்கலாமா?

கிரேக்கத்து முறையில் லெட்டூஸ் இல்லை. அது சாற்றில் துவண்டுபோகும். கொத்தமல்லி சைப்ரஸ் தீவின் சாலட்டில் இயல்பாகவே இடம்பெறுகிறது, அதனால் தயங்க வேண்டாம். சாந்தோரினி முதலிய தீவுகளில் உப்பிட்ட கேப்பர் மொட்டுகளைச் சேர்ப்பார்கள். கிரீட் தீவில் இதே சுவைகளை வாற்கோதுமை ரஸ்க்கின் மேல் குவித்து தாகோஸ் என்ற உணவாக்குகிறார்கள். காரட் இதற்குப் பொருந்தாது.

வெள்ளரியையும் தக்காளியையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது என்று ஒரு செய்தி சுற்றிவருகிறதே?

அந்தச் செய்திக்கு அடிப்படையாக ஓர் உண்மை இருக்கிறது. வெள்ளரிக்காயில் அஸ்கார்பேட் ஆக்ஸிடேஸ் என்ற நொதி உண்டு. காயை வெட்டும்போது அது வெளிப்பட்டு, வைட்டமின் சி-யைச் சிதைக்கத் தொடங்கும். ஆனால் இதிலிருந்து சேர்த்துச் சாப்பிடுவது தீங்கு என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. கொஞ்சம் வைட்டமின் குறையலாமே தவிர, நச்சு எதுவும் உருவாவதில்லை. புளிப்புச் சூழலில் அந்த நொதியின் வேகம் குறைகிறது, வெட்டியவுடன் சாப்பிட்டால் இழப்பும் குறைவு. மறுபுறம், தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன் கொழுப்பில் கரைவது என்பதால், ஆலிவ் எண்ணெயுடன் சாப்பிடும்போது உடல் அதைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது.

எடையைக் குறைக்க உண்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஃபெட்டா, ஆலிவ் ஆகியவற்றின் உப்பும் கணக்கில் வர வேண்டும்.

தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே? அப்படியானால் இதைப் பழைய கிரேக்க உணவு என்பது எப்படிச் சரியாகும்?

சரியாகாது, பழங்கால கிரேக்கர்கள் இந்தச் சாலட்டைக் கண்டதே இல்லை. தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த தக்காளி, கிரேக்கத்தில் பரவலாகப் பயிரானது 19-ஆம் நூற்றாண்டில்தான். வெள்ளரியின் தாயகம் இந்தியா, அதன் காட்டு இனம் இன்றும் இமயமலை அடிவாரத்தில் வளர்கிறது. ஆலிவும் ஆட்டுப்பால் சீஸும் ஓரிகானோவும்தான் அந்த மண்ணில் தொன்றுதொட்டு இருந்தவை.

காலையில் செய்து மதியத்துக்கு அலுவலகம் எடுத்துச் செல்லலாமா?

கலந்து எடுத்துச் சென்றால் சாறு பற்றிய விடையில் சொன்ன வெறும் நீர்ச் சிக்கல் நிச்சயம் வரும். வெள்ளரி, குடைமிளகாய், வெங்காயம் ஆகியவற்றை ஒரு டப்பாவிலும், சீஸையும் ஆலிவையும் இன்னொன்றிலும், எண்ணெயையும் ஓரிகானோவையும் சிறு புட்டியிலும் கொண்டுபோய், தக்காளியை முழுதாக எடுத்துச் சென்று அங்கேயே வெட்டுங்கள். வெட்டிய காய்களை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் எல்லாக் காய்களையும் முழுதாகக் கொண்டுபோவதே பாதுகாப்பு, சீஸை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நல்ல தக்காளியே கிடைக்காத நாள்களில் என்ன செய்வது?

இந்தச் சாலட்டைச் செய்யாமலிருப்பதே என் விடை. சர்க்கரையும் வினிகரும் சேர்த்து மணமற்ற தக்காளியைத் தேற்றுவதற்குப் பலர் வழி சொல்வார்கள். சாறே டிரெஸ்ஸிங்காக இருக்கும் உணவில் அது பலிப்பதில்லை. பெரிய தக்காளி மோசமாக இருக்கும் காலத்திலும் செர்ரித் தக்காளி ஓரளவு இனிப்பாக இருப்பதுண்டு. அதைப் பாதியாக வெட்டி, உப்பிட்டு, பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் விட்டுப் பார்க்கலாம்.

அதுவும் இல்லையென்றால், குளிர்காலத்தில் கிரேக்கர்கள் செய்வதைச் செய்யுங்கள்: முட்டைக்கோஸை நூலாகச் சீவி, காரட்டைத் துருவிச் சேர்த்து, உப்புத் தூவிக் கையால் பிசைந்து, அதே ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றினால் லகனோசலாத்தா தயார். மீதமிருக்கும் ஃபெட்டாவையும் ஆலிவையும் அதனுடன் தனித்தட்டில் வைத்துச் சாப்பிடலாம்.